மூன்றாவது டெஸ்ட் டிரைவ்

சனிக்கிழமை, சிங்கப்பூர், தெம்பனிஸ்.

கம்பெனியைச் சேராத இறக்குமதிக் கடையில், எனக்குப் பிடித்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் விலை குறைவு. ஓட்டிப் பார்க்கத்தான் வண்டி இருக்காது. அதனால் பலரும் கம்பெனி ஷோரூமில் ஓட்டிப் பார்த்துவிட்டு இறக்குமதிக் கடையில் போய் வாங்குவார்கள்.

இன்றும் ஷோரூமுக்குப் போனேன். சாங்கி வரை ஓட்டினேன். பக்கத்தில் விற்பனையாளர் குமார்.

"மெதுவா அண்ணே, முன்னால கேமரா இருக்கு" என்றார். மனைவி இறந்தபின் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

திரும்பும்போது கேட்டார்: "இதோட மூணு தடவை ஓட்டிட்டீங்க. இறக்குமதிக் கடையிலதானே வாங்கப் போறீங்க? பரவால்ல லா, சொல்லிடுங்க."

"இன்னும் யோசிக்கிறேன் தம்பி" என்றேன். பொய். அங்கே போன மாதமே முன்பணம் கட்டியாகிவிட்டது.

வண்டி அடுத்த வாரம் வருகிறது. அதிலும் பக்கத்தில் ஓர் இருக்கை இருக்கும்; 'மெதுவா' என்று சொல்லத்தான் ஆள் இருக்காது.