உள்ளே போகும் மருந்து

மார்ச் 3, செவ்வாய்
பன்னிரண்டாம் வகுப்புக்கு ஹார்மோன் பாடம். அட்ரினலின், இன்சுலின் எல்லாம் செல்லின் வாசலோடு சரி. வெளிச்சவ்வில் இருக்கும் ஏற்பியைத் தட்டினால் உள்ளே உடனே வேலை தொடங்கிவிடும். கார்டிசால் அப்படியில்லை. சவ்வைத் தாண்டி உள்ளே போய், அங்கிருக்கும் ஏற்பியோடு சேர்ந்து, மரபணுவை எழுப்பிப் புதுப் புரதம் செய்யவைக்கும். மணிக்கணக்காகும். "கவர்மென்ட் ஆபீஸ் ஃபைல் மாதிரியா டீச்சர்?" என்றாள் கடைசி பெஞ்சுக்காரி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இவருக்கு அந்தக் கார்டிசால்தான் சுரப்பதில்லை. இரண்டு வருடமாக மாத்திரையில் ஓடுகிறது வண்டி; அது நின்றால் உயிருக்கே ஆபத்து.

மார்ச் 6
இவருக்குக் காய்ச்சல். இன்றைக்கு பஸ் ஓட்டப் போக வேண்டாமென்றேன். கேட்டால்தானே!

மார்ச் 9
நேற்று மத்தியானம் போய்விட்டார்.

மார்ச் 12
இங்கேயாவது உள்ளபடி எழுதுகிறேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாத்திரை கொடுத்தேன். வாந்தி. மறுபடி கொடுத்தேன், அதுவும் கால் மணியில் வெளியே. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த அவசர ஊசி அலமாரியில்தான் இருந்தது. "ஊசியப் போட்டுடேன், என்னமோ பண்ணுது" என்றார். நான் — நான் என்ன சொன்னேன்? "ஊசியும் அதே மருந்துதாங்க. செல்லுக்குள்ள போய் வேலை செய்ய மணிக்கணக்காகும். மாத்திரை கொஞ்சமாவது சேர்ந்திருக்கும், பொறுங்க." பாடம் நடத்தினேன், பாவி! இரண்டு மணிக்கு ரத்த அழுத்தம் விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்தது.

"மெதுவா வேலை செய்யுதுன்னா, அதனாலதாம்மா முன்னாடியே போடணும்" என்றார் டாக்டரம்மா. "வாந்தி வந்தா உடனே ஊசின்னு சொல்லிக் கொடுத்தோமே?"

கொடுத்தார்கள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

மார்ச் 17
வருகிறவர்களிடமெல்லாம் அத்தை, "எம் மருமக படிச்சவ. அவளால ஆனதெல்லாம் செஞ்சா, பாவம்" என்கிறார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர், எனக்குச் சோறு ஊட்டுகிறார். இதை எத்தனை நாள் மறைப்பேன்? சொன்னால் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

மார்ச் 21
சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஊசி போடுன்னு அவனே கேட்டானா?"

"கேட்டார், அத்தை."

மார்ச் 23
அத்தையைக் கூட்டிப்போக நாத்தனார் வண்டியோடு வந்துவிட்டாள். அத்தை திட்டவில்லை, அழவில்லை. பைகளை நான் தூக்க விடவில்லை. எதிர்க்கடைக்குப் போனால்கூட "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிப் போகிறவர், வாசலில் நின்று "போறேன்" என்றார்.