அக்காவின் பங்கு

ஜூலை 9, செவ்வாய்

அக்காவுக்கு இன்று ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் சொன்னேன். வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தவருக்கும் சொன்னேன்.

எனக்கும் அக்காவுக்கும் வந்தது ஒரே வைரஸ் காய்ச்சல்தான். கல்லூரியில் கபடி ஆடும் நான் சீக்கிரமே தேறி எழுந்துவிட்டேன். நஞ்சன்கூட்டில் கார்மென்ட்ஸ் தையல் வேலைக்குப் போகும் அவளுக்கு நுரையீரலில் இறங்கிவிட்டது.

"சத்தா சாப்பிட்டு, தினம் கொஞ்சம் நடந்திருந்தா இவ்வளவு முத்தியிருக்காதும்மா" என்றார் டாக்டர்.

அக்கா சிரித்தாள். "மிஷினை விட்டு எந்திரிச்சாலே சூப்பர்வைசர் கத்தறாருங்க. ஒண்ணுக்குப் போறதுதானுங்க எனக்கு வாக்கிங்."

டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கலாம். அதைப் படுத்துக் கிடப்பவளிடம் ஏன் சொல்ல வேண்டும்? அவளை நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார வைத்தவர்களிடம் போய்ச் சொல்லட்டும். எங்கள் வீட்டிலும் சொல்லட்டும். ஆடுகிற பிள்ளை என்று அவள் பங்கு முட்டையும் என் தட்டுக்குத்தான் வரும்.

மதியம்கூட ஆஸ்பத்திரி முட்டையைப் பிட்டு என்னிடம் நீட்டினாள்.

"நீயே தின்னுக்கா. இல்லாட்டி நான் மேட்ச்சுக்குப் போகமாட்டேன்."

"மிரட்டறயாடி?"

முழுவதையும் அவளே தின்றாள். மெதுவாகத்தான். ஆனால் மூச்சு வாங்க ஒருமுறைகூட நிறுத்தவில்லை.