வடக்கு வாயிலில் பதிந்த கை

நலம் நிலைபெறுக. மழை பொய்யாது, பயிர் வாடாது, குடிகள் பசியறியாது நெடுவரை நாடு செழிக்க. நாரையாற்றின் இரு கரையும் காக்கும் பொழில்நாட்டுக்கு உடையவளாகிய அரசி வேல்நங்கை, குன்றுகளின் காவலரும் நெடுவரை அதிபரும் எமக்கு வலங்கை என்று நாமே பட்டம் சூட்டியவருமாகிய ஏறன் மழவரையருக்கு எழுதுவித்த ஓலை.

நீர் விடுத்த ஓலை பத்து நாளுக்கு முன் வந்து சேர்ந்தது. எம் தம்பி ஆதன் போரில் பட்டதற்குத் துக்கம் கேட்க ஐந்நூறு வீரரோடு முழுநிலா நாளில் வருவதாகவும், பழைய முறைப்படி வடக்கு வாயில் உமக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும் அதில் கண்டோம். துக்கம் கேட்க ஐந்நூறு பேர் எதற்கு என்று வாயிற்காவலன் கோட்டன் எம்மைக் கேட்டான். அந்த ஐந்நூற்றுவரில் பாதிப்பேர் கருங்கழி நாட்டான் படையினர் என்று, அவர்களை ஆற்றைக் கடத்தி உம் கரையில் விட்ட ஓடக்காரர் வந்து சொன்ன பிறகே தெரிந்தது. தம்பியைக் கொன்றவனின் ஆட்களையே துக்கத்துக்கு அழைத்து வருகிறீர்.

வாயில் வழக்கம் நீர் அறியாததன்று. எம்மோடு நட்புச் சொல்வோர் காவிக் குழம்பில் வலக்கையைத் தோய்த்து வடக்கு வாயிற்கதவில் பதிப்பர். அதனருகே நாட்டுக்கு உடையோரும் தம் கையைப் பதிப்பர். பதித்தவர் உயிரோடு இருக்கும்வரை அத்தடத்தை வேறெவரும் அழிக்கலாகாது. அந்தக் கதவை அவர் முகத்துக்கு நேரே சாத்தவும் ஆகாது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நீர் கை பதித்தபோது உம்மை அண்ணன் என்று அழைத்தேன். காவி உலரும்வரை இருவரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

இங்கே 'நாம்' என்று எழுதப் போன ஓலைக்காரரைத் தடுத்து, 'நான்' என்றே எழுதச் சொன்னேன். இதை அரசி சொல்லவில்லை, ஆதனின் அக்காள் சொல்கிறாள்.

ஐப்பசியில் கருங்கழி நாட்டான் ஆற்றுத்துறைக்கு வந்தான். ஆதன் நானூறு பேரோடு துறையை மறித்து நிற்பது, நீர் இரண்டாயிரம் பேரோடு குன்றிலிருந்து இறங்கி வலப்பக்கம் சேர்வது என்பதே ஏற்பாடு. நீர் குன்றுக்கு வந்தீர். உம் கொடியைக் கண்டு ஆதனின் ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். நீர் இறங்கவில்லை. ஆதன் மூன்று முறை ஆள் அனுப்பினான். மூன்றாவதாக வந்தவனிடம், இப்போது கை ஒழியவில்லை என்று சொல்லச் சொன்னீராம். அன்று மாலைக்குள் ஆதனும் போனான், துறையும் போனது. துறையை அடுத்த பன்னிரண்டு ஊர்கள் ஒரு மாதத்தில் உமக்கு வந்து சேர்ந்தன.

கை ஒழியவில்லை! அந்தச் சொல்லை எத்தனை நாள் மென்றுகொண்டிருந்தேன் தெரியுமா? உதவியைக் கை என்கிறோம். படையின் பக்கத்தைக் கை என்கிறோம். நம்பினவரைத் தவிக்கவிட்டால் கைவிட்டான் என்கிறோம். ஒன்றும் செய்ய இயலாதபோது கையைப் பிசைகிறோம்; கோட்டைச் சுவரின்மேல் நின்று அன்று நான் அதைத்தான் செய்தேன். ஆதனின் மனைவியை இப்போது கைம்பெண் என்கிறார்கள். அவள் இடுப்பில் இருப்பதைக் கைக்குழந்தை என்கிறார்கள். ஒரே கைக்குள் இத்தனையும் கிடக்க, உமக்கு மட்டும் வாங்கிக்கொள்ளும் கை ஒன்றுதான் கிடைத்ததா? எனக்கு நெஞ்சு எரிகிறது. பகைவன் செய்ததற்கு நான் அழுது தீர்த்துவிட்டேன். நீர் செய்ததற்கு இன்னும் அழுகைகூட வரவில்லை.

கதவைச் சாத்திவிடலாம் என்றார் அமைச்சர். வழக்கத்தை மீறினால் நாளை எவர் நம்மை நம்புவர் என்று மறுத்தேன். தடத்தின்மேல் சுண்ணாம்பு பூசிவிடலாம் என்றான் கோட்டன். அதையும் மறுத்தேன். உம்மைப் போல நடந்துகொள்ள எனக்கு வராது. பிறகு தச்சன் நக்கனை அழைத்து, கதவையே கழற்றச் சொன்னேன். கதவு இருந்த இடத்தில் எட்டு முழக் கனத்தில் கருங்கல் சுவர் எழுந்தாகிவிட்டது. ஊரார் அனைவரும் கல் சுமந்தார்கள், ஆதனின் மனைவியும் சுமந்தாள். உம் முகத்துக்கு நேரே சாத்துவதற்கு இந்தக் கோட்டைக்கு இனி வடக்கு வாயில் இல்லை.

ஆகவே ஆணை இது. நெடுவரை அதிபருக்கு யாம் அளித்த வலங்கைப் பட்டம் இன்றோடு நீங்கியது. அவர் வீரர் நாரையாற்றின் இக்கரையில் கால்வைத்தால் பகைவராகவே கொள்ளப்படுவர். முழுநிலா நாளில் அவரை எதிர்கொள்ள அம்பு தொடுத்த வில்லாளர் மட்டுமே சுவர்மேல் நிற்பர்.

இவ்வோலையோடு மாட்டுவண்டியில் ஒரு பலகை வருகிறது. உம் கையும் என் கையும் நெருங்கிப் பதிந்திருந்ததால், இரண்டையும் சேதமின்றிப் பிரிக்க முடியாது, எதை விடுவது என்று நக்கன் கேட்டான். அவர் கைக்கு ஒரு கீறலும் படாமல் அறு என்றேன். ரம்பம் என் கைத்தடத்தின் ஓரத்தை அறுத்துக்கொண்டு போயிற்று. உம் பலகையின் விளிம்பில் ஒரு சுண்டுவிரல் ஒட்டிக்கொண்டு வரும். அது என்னுடையது, உம்மை அண்ணன் என்று அழைத்தவளுடையது. அதை நீரே வைத்துக்கொள்ளும்.

நண்பருக்கு விடுக்கும் ஓலையின் அடியில் அரசி காவியில் விரல் பதிப்பது வழக்கம். இவ்வோலைக்கு அரக்கும் மோதிர முத்திரையும் மட்டுமே. கோட்டன் சான்று. நக்கன் சான்று. இது வேல்நங்கை ஆணை.