ஜோசப்பின் வண்டியைக் கட்டியது

வெள்ளி, இரவு.

என் நண்பன் ஜோசப் காய்ச்சலில் இறந்துபோய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் பைக்கை ஓசூரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப, இன்று பூந்தமல்லியில் அவன் வீட்டு வாசலுக்கு ட்ரெய்லர் வந்தது. டிரைவர் பைக்கை ட்ரெய்லரில் ஏற்றி, சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு பெல்ட்டைச் சும்மா சுற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும், முன் சக்கர ஷாக் அப்சார்பர் அமுங்கியிருக்கும்போதுதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் பள்ளத்திலேயே பெல்ட் தளர்ந்து சாய்ந்துவிடும் என்று கத்தினேன்.

“இம்மாம் பேசறியே மாமே, நீயே மேல குந்தி அமுக்கு. நான் இஸ்து கட்றேன்.”

ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரை அழுத்தினேன். என் முதுகு வீட்டைப் பார்த்து இருந்தது. பின்னாலிருந்து ஜோசப்பின் அம்மா குரல் வந்தது.

“டேய் ஜோசப்பு, ஹெல்மெட்டு எடுத்துக்கினியாடா?”

டிரைவரின் கை அப்படியே நின்றது. நான் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

“எடுத்துக்கினேம்மா” என்று சொன்னேன். அவன் சொல்லும் அதே சலிப்போடு வந்தது.

“சீக்கிரம் வந்துடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டி கீறல் இல்லாமல் ஓசூர் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போதுதான் அவன் தங்கை ஸ்டெல்லா போன் செய்தாள்.

“அண்ணா, அம்மா கதவத் தாப்பா போட உட மாட்டேங்குது. புள்ள வண்டி எடுத்துக்கினு போயிருக்கான், வந்துருவான்னு வாசல்லயே குந்திக்கினு கீது. இன்னாண்ணா சொன்னே நீ?”

போனை வைத்துவிட்டேன். காலையில் போய், வண்டி மேல் உட்கார்ந்திருந்தது நான்தான் என்று அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்.