பதினாறு எண்ணும் வரை

இன்று காலை கிற்றாருக்குப் புதுக் கம்பி போட உட்கார்ந்தேன். பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டு, அவற்றுக்குக் கீழே கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கட்டையைத் துடைக்கலாம் என்று அதன் திருகாணியைத் திறந்தபோது கிறீஸ் மணம் வந்தது. படகு இஞ்சினுக்குப் பூசுகிற அதே கிறீஸ். இந்த உப்புக்காற்றில் எங்கள் வீட்டுக் கதவுப் பிணைச்சலே ஆறு மாதத்தில் துருவேறிக் கத்தும். இந்தச் சின்னத் திருகாணியோ இத்தனை வருடம் கழித்தும் ஒரு முனகலும் இல்லாமல் சுழன்றது. நீங்கள் பூசிவைத்தது. நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களில் தொடங்கிய எங்கள் இசைக்குழுவில் நான் ரிதம் கிற்றார். பாட்டின் முன்வரிகளைத் தனித்து வாசிக்கிற லீட் கிற்றார்க்காரன் வெளிநாடு போன பிறகுதான் அந்த இடம் எனக்கு வந்தது. வேறு ஆள் இல்லாமல் தந்தார்கள் என்பதுதான் சரி. பெண்பிள்ளைக்கு லீட் எதற்கு என்று முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கேட்டது என்னைக் கட்டின உங்கள் காதிலும் விழுந்தது.

குழுவை நடத்துகிற பெனடிற் அண்ணன் கட்டிய பாட்டில் ஓரிடம் உண்டு. ட்ரம்ஸ், பேஸ், கீபோட் எல்லாம் ஒரேயடியாக நிற்கும். என் கிற்றாரின் மேல்சுரம் ஒன்று மட்டும் பதினாறு எண்ணும் வரை தனியே நிற்கவேண்டும். பிறகு ட்ரம்ஸ் விழும். பயிற்சியில் ஒருநாளும் அது ஒன்பதைத் தாண்டவில்லை. ஒலிபெருக்கி அம்ப்பில் சத்தத்தைப் பருக்கவைக்கும் கெயின் குமிழைக் கூட்டினேன். கொதிக்கிற எண்ணெயில் மீன் போட்டது போல இரைச்சல்தான் கூடியது. அந்த இரைச்சலை அடக்க ஒரு பெட்டி வாங்கி இடையில் பூட்டினேன். சத்தம் மெலிந்தால் அந்தப் பெட்டி வாயை மூடிவிடும். அது இரைச்சலோடு சேர்த்து என் சுரத்தின் வாலையும் நறுக்குகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. இப்போது ஆறிலேயே செத்தது.

வியாழக்கிழமை பெனடிற் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை உயிலங்குளம் மேடையிலயும் சுரம் நிக்காட்டி அந்த இடத்தைக் கீபோட்டுக்குக் குடுப்பம். அதெண்டா விரலை எடுக்கும்வரைக்கும் நிக்கும்."

அந்த ஒரு சுரம் கைவிட்டுப் போனால் அடுத்த பாட்டின் லீட்டும் போகும், பிறகு நான் பழையபடி ரிதம்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அன்று வீட்டில் நான் கெயினை எட்டில் வைத்து அதே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசலில் யாருடையதோ இஞ்சினைக் கழற்றிப் பரப்பியிருந்தீர்கள்.

"இஞ்சரும், உமக்குச் சத்தம் வேணுமோ, நீளம் வேணுமோ?" என்றீர்கள். "எண்ணெயைக் கூட ஊத்தினா இஞ்சின் கூட ஓடுமோ? புகைதான் வரும். கெயினை நாலுக்குக் குறையும். இரைச்சல் அடங்கினா அந்தப் பெட்டியும் தேவையில்லை, அதையும் கழட்டும்."

"உங்களுக்கு இஞ்சினைத்தான் தெரியும். இதில வாய் வைக்காதேங்கோ" என்றேன்.

நீங்கள் வாய் வைக்கவில்லை, கைதான் வைத்தீர்கள். வெள்ளிக்கிழமை கந்தோர் வேலை முடிந்து வந்தபோது என் கிற்றார் மேசையில் கம்பி இல்லாமல் கிடந்தது. பக்கத்தில் திருகாணி கழற்றும் உங்கள் திருப்புளி. ஞாயிறு மேடை.

"ஆரைக் கேட்டுத் தொட்டனீங்கள்?"

"காந்தத்தைக் கம்பியோட ஒட்ட வைச்சிருக்கிறீர். அது பிடிச்சு இழுத்தா கம்பி எப்பிடி ஆடும்? ரெண்டு சுத்துக் கீழ இறக்கினனான், வேறொண்டுமில்லை."

கிட்ட இருந்தால் பலம் கூடும் என்று அதை ஒட்ட வைத்தது நான்தான். அதைச் சொல்லவில்லை. சத்தம் போட்டேன், அயலுக்கே கேட்டிருக்கும். கம்பியைத் தாங்கும் கட்டையையும் கொஞ்சம் உயர்த்தியிருந்தீர்கள். கம்பி பூட்டி அடித்துப் பார்த்தபோது விரல் நொந்தது, அதற்கும் உங்களைத்தான் திட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மாலையில் செபமாலைக்கு மட்டும் ஒன்றாக முழந்தாளிட்டோம். முதல் பாதியை நீங்கள் சொல்ல, மறுபாதியை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன். அந்த இரண்டு நாளும் எங்களுக்குள் இருந்த பேச்சு அதுதான்.

உயிலங்குளத்தில் வயல்காற்று மேடைத் துணிகளை அடித்துக்கொண்டிருந்தது. பின்னேரம் நாலு மணி வெயில். கெயின் எட்டிலேயே இருந்தது, பெட்டியும் பூட்டியிருந்தது. நான் பிடிவாதக்காரி. அம்ப்பை இறக்கிவைத்துவிட்டு நீங்கள் மேடை ஓரத்தில் நின்றீர்கள். என்னைப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் வீம்புக்காகவே அப்படியே விட்டிருப்பேன். முந்தின பாட்டு முடிந்து கைதட்டல் ஓயுமுன் குனிந்தேன். பெட்டியைக் கழற்றினேன். கெயினை நாலுக்கு இறக்கினேன்.

அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றன. நான் மட்டும்.

ஆறு தாண்டியது. ஒன்பது தாண்டியது. பத்தில் சுரம் தளர்வது விரலுக்குத் தெரிந்தது. "நிக்குதெண்டு சும்மா இருக்கக்கூடாது, விரலை ஆட்டிக்கொண்டே இரும். அம்ப்புக்கு முகம் குடுத்து நில்லும், அந்தச் சத்தமே கம்பியை ஆட்டும்" என்று நீங்கள் எப்போதோ சொல்லி, நான் கேளாதது போல இருந்தது ஞாபகம் வந்தது. திரும்பி ஓரடி வைத்தேன். விரலை ஆட்டினேன். விரல் நுனி எரிந்தது. சுரம் ஒருமுறை தடுமாறி, பிறகு அம்ப்பிலிருந்து திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டது. பதினைந்து. பதினாறு.

ட்ரம்ஸ் வரவில்லை! ஆறோடு செத்துப் பழகின சுரம் என்பதால் ட்ரம்ஸ்காரன் எண்ணவேயில்லை, வாயைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினெட்டு. இருபது. காலால் மேடையை உதைத்தேன். இருபத்துநாலில்தான் அவனுக்குச் சுரணை வந்தது.

பெனடிற் அண்ணன் அதற்குப் பிறகு கீபோட்டைப் பற்றிப் பேசவில்லை. இன்றைக்கும் லீட் நான்தான்.

வீட்டுக்கு வரும்போது, மன்னார்ப் பாலத்தில் மோட்டார்சைக்கிளின் வேகத்தைக் குறைத்துக் கேட்டீர்கள்.

"கெயினை எவ்வளவில வைச்சனீர்?"

"எட்டில" என்றேன்.

இஞ்சின் சத்தத்தை வைத்தே எந்தப் படகு என்று சொல்லுகிற மனுசன் நீங்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓம், எட்டுப் போலதான் கேட்டது" என்றீர்கள். உங்கள் முதுகு சிரிப்பில் குலுங்கியது. எனக்குக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் என்னோடு இருந்தீர்கள். எத்தனை தேத்தண்ணி, எத்தனை பின்னேரம். சொல்வதற்கு நேரம் இல்லாமல் இல்லை. பிறகு ஒரு காலை நெஞ்சு நோகுது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனீர்கள், திரும்பி வரவில்லை.

இப்போதெல்லாம் எந்த மேடைக்குப் போனாலும் யாராவது வந்து கேட்கிறார்கள், அந்தச் சுரம் எப்படி அவ்வளவு நேரம் நிற்கிறது என்று. கெயினைக் குறையுங்கோ, காந்தத்தை இறக்குங்கோ, எங்கட அவர் சொல்லித் தந்தது என்று எல்லாரிடமும் சொல்கிறேன். மடுவிலிருந்து வந்தவர்களுக்குச் சொன்னேன், முசலிப் பக்கத்தவர்களுக்கும் சொன்னேன். பெனடிற் அண்ணனுக்குக்கூடத் தெரியும். உங்களிடம்தான் இன்னும் எட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாலில்தான் வைத்தேன்.