எங்கட குசினி அவளுக்கு எப்படித் தெரியும்?

கோலியர்ஸ் வுட், லண்டன்
8.11.1991, வெள்ளி

அன்புள்ள அருமைநாயகிக்கு,

ரொறன்ரோக் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கு இருமல் மாறிவிட்டது. கைத் தழும்புதான் குளிருக்கு இழுக்கிறது. எழுத்துக் கோணலாயிருந்தால் கொன்வென்ரில் சிரித்ததுபோலச் சிரிக்காதே.

உன் சஞ்சிகைக்காக நான் தமிழாக்கும் ஆபிரிக்க நாவலின் கடைசி அத்தியாயம் இத்துடன் வருகிறது. லாண்டரியில் என்னோடு வேலை செய்யும் கானாக்காரி அபெனாதான் இதைத் தபாலில் போடுவாள். புத்தகத்தைத் தந்தவளும் அவளே. என் கடிதங்களை இப்போதெல்லாம் இவர் வாங்கிக்கொண்டு போகிறார். போடுகிறாரோ தெரியாது.

போன மாதம் நான் தமிழாக்கி எழுதும் கொப்பியை எடுத்து வாசித்துவிட்டார். கதை முழுக்க அந்தப் பெண்ணே ‘நான்’, ‘நான்’ என்று சொல்வது. கணவன் குசினியில் அடுப்பில் கொதிக்கும் குழம்பைத் தட்டிவிடுகிறான். அது அவள் கையில் ஊற்றுகிறது. அயலவரிடம் தானே ஊற்றிக்கொண்டதாகச் சொல்கிறாள். இவர் அதை என் கதை என்று நினைத்துவிட்டார். ஆபிரிக்காவில் ஒருத்தி எழுதினது என்று சொன்னேன். ஆபிரிக்காக்காரிக்கு எங்கட குசினி எப்படித் தெரியும் என்று கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே முகம் கறுத்துப் போயிற்று. அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்ததடி.

அன்றிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. பின்னேரங்களில் கொப்பியை வாங்கி வாசிக்கிறார். இனி அவள் என்ன செய்வாள் என்று தேத்தண்ணி குடித்தபடி கேட்கிறார். கத்துகிற மனிசனோடு காலம் தள்ளிவிட்டேன், இந்த மனிசனுக்கு நடுங்குகிறேன். அதனால் கொப்பியில் பொய்யாக ஒரு முடிவு எழுதி வைத்தேன்: அவள் மன்னிப்புக் கேட்டு வீட்டோடு இருந்துவிடுகிறாள். நல்ல முடிவு என்றார்.

நேற்று இவருடைய வேலைப் பையில் அதே நாவலைக் கண்டேன், இங்கிலீஷில், லைப்ரரி முத்திரையோடு. அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். அவர் வாசித்து முடிக்க இன்னும் இரண்டு அத்தியாயம் மிச்சமிருக்கிறது.

உண்மையான முடிவை நீயே வாசிப்பாய். சந்தைப் பையோடு வெளிக்கிட்டவள் திரும்பவில்லை. நாளை சனிக்கிழமை, நான் டூட்டிங் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிறேன்.

இது உன் கைக்கு வரும்போது அந்தச் சனி போய் ஒரு கிழமையாவது ஆகியிருக்கும். அதற்குள் நான் உனக்கு டெலிபோன் எடுத்திருந்தால் கடிதத்தைக் கிழித்துப் போடு. எடுத்திருக்காவிட்டால் அபெனாவோடு கதை, இலக்கம் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. உன் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரியும் கொளுத்து. பிறகு கதையை என் பெயரில் போடு. தலைப்பின் கீழே ‘மொழிபெயர்ப்பு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடு.

என்றும் உன்
சந்திரவதனா