நனைக்காமல் பிரித்த கம்பளி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் குழாயில் தண்ணீர் இல்லை. ஆட்டுக்காரர் இறக்கிவிட்டுப் போன கம்பளி மூட்டை வாசலில் கிடக்கிறது. வெட்டியது வெட்டியபடி, புழுக்கையும் முள்ளுமாக. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தண்ணீர் வரட்டும் என்றேன். மகள் கேட்டால்தானே. ஆறு மாத வயிற்றோடு மூட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். போன முறை நாலாம் மாதத்தோடு போய்விட்டது. அதனால் இந்த முறை குழந்தைப் போர்வை என்ற பேச்சையே இத்தனை நாள் எடுக்கவில்லை. இப்போது எடுத்துவிட்டாள், விடமாட்டாள்.

மார்ச் 4, புதன்

நனைக்காமலே பிரிக்கலாம் என்றாள், நானே சரி என்று சொன்னேன். கூடத்தில் கோணியை விரித்து உட்கார்ந்தோம். ஓரத்து அழுக்குக் கற்றைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, மீதியை விரலால் மெல்ல இழுத்து இழுத்துப் பிரித்தோம். இழுக்க இழுக்க மண்ணும் தூளும் உதிர்ந்தன. விரலெல்லாம் ஆட்டுப் பிசுக்கு. அவள் ஒரு பெரிய கொத்தை மடியில், வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். “உன் பேரப்பிள்ளை தூக்கத்துல உதைக்குது, பஞ்சு மெத்தைன்னு நெனச்சிடுச்சு” என்றாள். புழுக்கமாக இருந்ததால் மின்விசிறியைப் போட்டேன்.

நல்ல நாள்.

மார்ச் 7, சனி

தண்ணீர் வந்தது. பிரித்ததை அலசி நிழலில் உலர்த்தினேன். கசக்கவில்லை. கசக்கினால் கட்டி தட்டிவிடும்.

மார்ச் 16, திங்கள்

வந்ததும் வராததுமாக நோட்டை எடுத்துவிட்டேன்.

போர்வைக்குக் கம்பளி போதாது என்று பட்டிக்குப் போனேன். ஆட்டுக்காரர் முகமே சரியில்லை. சினை ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டியைப் போட்டுவிடுகின்றனவாம், உயிரில்லாமல். கால்நடை மருத்துவர் முகமூடியும் கையுறையுமாகத் தொழுவத்தில் நின்றிருந்தார். நான் யார் என்று விசாரித்தவர், கம்பளி வாங்கினேன் என்றதும் நிமிர்ந்தார். எப்படிச் சுத்தம் செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். வீட்டில் கர்ப்பிணி யாராவது உண்டா என்று அடுத்த கேள்வி.

ஆட்டிலிருந்து மனிதருக்கு வரும் காய்ச்சலாம். கம்பளியில் காய்ந்த தூளில் இருக்கும், மூச்சோடு உள்ளே போகும். நமக்கு வந்தால் காய்ச்சல், இருமல். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வந்தால் — அவர் முடிக்கவில்லை. ஆடுகளைப் பார்த்தார்.

வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். கரும்பலகையைத் துடைத்ததும் ஜன்னல் வெயிலில் பாருங்கள், கீழே விழுகிற தூள் ஒரு பங்கு, மிதக்கிறது பத்துப் பங்கு என்று. அதே வாயால் சரி என்றேன். விசிறியையும் போட்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

மார்ச் 17, செவ்வாய்

சாப்பிடும்போது அவள் ஒரு முறை தும்மினாள். என் கையிலிருந்து தம்ளர் விழுந்தது.

மார்ச் 18, புதன்

நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஏதாவது சாக்குத் தேடுகிறேன். முடியை ஒதுக்கிவிடுவதுபோல, பொட்டைச் சரிசெய்வதுபோல. கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா மறைக்கிற? பரீட்சைத் தாளை ஒளிச்சு வெச்ச டீச்சர் மாதிரியே முழிக்கிற.”

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, “ரெண்டு நாளா தெரிஞ்சும் சொல்லலையா?” என்றாள். அது மட்டும்தான்.

மார்ச் 19, வியாழன்

டாக்டரம்மா இருவர் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னார். எனக்கு எதற்கு என்றேன். பிரித்தது நீங்களும்தானே, இருமல் வேறு இருக்கிறதே என்றார். இருமலா? நான் கவனிக்கவே இல்லை. இன்றைய சோதனையில் இல்லை என்று வந்தாலும் நம்பக்கூடாதாம், சில வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உறுதி. விதைத்த அன்றே மண்ணைத் தோண்டிப் பார்த்தால் முளை தெரியுமா? புரிகிறது. புரிந்து என்ன.

மிச்சக் கம்பளியைக் கால்நடை மருத்துவரின் ஆட்கள் தண்ணீர் தெளித்து, பையில் கட்டி எடுத்துப் போனார்கள். ஈரத் துணியால் கூடம் முழுக்கத் துடைத்தார்கள். போனபிறகு நான் மறுபடி துடைத்தேன்.

மார்ச் 25, புதன்

மாப்பிள்ளை வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே தாங்க முடியவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

காலையிலிருந்து அசைவே இல்லை என்கிறாள். மூன்று பேரும் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடவுளே, என்னை எடுத்துக்கோ. அதைத் தொடாதே. நான்தானே செஞ்சேன், நான்தானே.

மதியம் அசைந்தது. மாப்பிள்ளை எழுந்து போய்ச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். சொல்லிவிட்டேன், உடனே. இந்த முறை ஒளிக்கவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

இரண்டாவது முடிவு வந்தது. அவளுக்கு இல்லை. ஸ்கேனும் பார்த்தாயிற்று, குழந்தை நன்றாக இருக்கிறது. எனக்கு இருக்கிறது. பயப்பட வேண்டாம், மாத்திரையில் சரியாகும், ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சாதாரணமாகப் பரவாது என்று டாக்டரம்மா எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே போனார். அவருக்கு என்ன தெரியும், நான் அப்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் முழுசாகப் பேசவில்லை. ஆனால் வேளைக்கு மாத்திரையோடு வந்து கட்டிலருகில் நிற்கிறாள். இன்று விழுங்கிய பிறகும் போகவில்லை.

“வாயைத் திற, பாக்கணும்.”

திறந்து காட்டினேன்.